வில்காயாவுக்கு நடந்து வந்தவள்

வில்காயா நகரத்துக்கு உடம்பு பேருந்தில் வரும், ஆத்துமா பின்னால் நடந்து வரும். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில், கடல்மட்டத்துக்கு நாலு கிலோமீட்டர் மேலே, மேகம் தெருவுக்குள் இறங்கி ஆட்களோடு ஆட்களாக நடமாடுகிற உயரத்தில் ஊரைக் கட்டிவைத்துக்கொண்டு வேறு எப்படி வரும் என்று அந்த ஊர்க்காரர்கள் நம்மையே திருப்பிக் கேட்பார்கள். கடற்கரையில் விடியலில் ஏறினவனை வளைவுக்கு வளைவு உறுமிக்கொண்டு பொழுது சாயுமுன் மேலே கொண்டுவந்து தள்ளிவிடுகிறது பேருந்து. அந்த வேகம் எலும்புக்கும் சதைக்கும் சரிப்படும், ஆத்துமாவுக்குச் சரிப்படாது, அது பாதி மலையில் குமட்டிக்கொண்டு இறங்கி, ஓரமாக உட்கார்ந்து மூச்சு வாங்கி, பிறகு தன்பாட்டுக்கு மெல்ல நடக்கத் தொடங்கும். அதனால்தான் புதிதாக வருகிறவர்களுக்குத் தலை பிளக்கிறது, சாப்பாடு இறங்குவதில்லை, பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சை எங்கே விட்டோம் என்பது மறந்துபோகிறது. டாக்டர்கள் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், வைத்துக்கொள்ளட்டும்.

ஊர் இதற்கென்று ஓர் ஏற்பாடு செய்திருந்தது. பேருந்து நிலையத்துச் சுவரில், சாலையைப் பார்த்தபடி நீளமாக ஒரு கம்பி கட்டியிருக்கும். வந்து இறங்குகிறவர் தன் உடம்போடு ஒட்டிக் கிடந்த துணி ஒன்றைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். மூட்டை இறக்குகிற ஃபெர்மின் அதை வாங்கி, கை இரண்டும் சாலைப் பக்கம் விரிந்திருக்கும்படி கம்பியில் மாட்டி, காலையும் மாலையும் அந்தந்த ஆளின் பெயரைச் சொல்லி, "வா, இங்கேதான், வழியில் நிற்காதே, சூப் ஆறுது" என்று கூப்பிடுவான். பின்தங்கி வருகிற சாமான் எல்லாம் அவன் பொறுப்பு, ஆத்துமாவும் பின்தங்கி வருவதுதானே என்று பேருந்துக்காரர்கள் எந்தக் காலத்திலோ அவன் அப்பன் தலையில் கட்டிய வேலை, பரம்பரையாக இவன் தலையில் விழுந்தது. நடந்து வரும் ஆத்துமா தன் துணியின் வாசனையைப் பிடித்து உள்ளே நுழைந்ததும் துணி கனத்து, கம்பி தொய்யும். ஃபெர்மின் அதை எடுத்துப்போய் விடுதியில் கொடுப்பான், ஆள் அதைப் போட்டுக்கொள்வார், தலைவலி போய்விடும், இரண்டு தட்டு உருளைக்கிழங்கு கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

இதில் வம்பு வழக்குகளும் உண்டு. ஆத்துமாக்களுக்கும் டிக்கெட் போட்டு ஏற்றிவரலாம் என்று ஒரு முதலாளி தனிப் பேருந்து விட்டுப் பார்த்தார். அது ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று, கடைசியில் காலியாக வந்து சேர்ந்தது. தையல் மிஷின் விற்க வந்த ஒருவர் அவசரக்காரர், தன் ஆத்துமா வருமுன்பே கீழே இறங்கிப் போய்விட்டார்; பின்னால் வந்த ஆத்துமா ஆளைக் காணாமல் நிலையத்திலேயே தங்கிவிட, ஊர்க்காரர்கள் அதற்கு ஒரு பழைய கோட்டைக் கொடுத்து டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். வரிசை கலைந்தால் அந்தக் கோட்டு எழுந்து நிற்கும், எல்லாரும் ஒழுங்காகிவிடுவார்கள். ஊரோடு ஒத்து வாழ் என்பது ஆத்துமாவுக்கும்தான் போலிருக்கிறது.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் தூத்துக்குடியிலிருந்து கஸ்பார் மோத்தா வந்து சேர்ந்தார். உப்பளக் கம்பெனி ஒன்றில் மேற்பார்வை உத்தியோகம். வில்காயாவுக்கு அந்தப் பக்கம், கடல் கண்ணுக்கே தெரியாத மலை உச்சியில், பார்த்த இடமெல்லாம் உப்பு வெளுத்துக் கிடக்கிறது என்றும், அதை எப்படி வாருகிறார்கள், எப்படிக் காய வைக்கிறார்கள் என்று பார்த்து வர ஓர் ஆள் வேண்டும் என்றும் கம்பெனியில் பேச்சு வந்தபோது, வாலிபத்தில் கப்பலில் தென் அமெரிக்கக்காரர்களோடு வேலை பார்த்து ஸ்பானிஷ் பழகியவர் அவர் ஒருவர்தான் என்பதால் அவரை அனுப்பினார்கள். அவரும் சரி என்றார். மூன்று வருஷமாக எதைச் சொன்னாலும் அவர் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருடைய ஒரே மகள் ஜெனோவா, நர்சிங் படிப்பு லீவில் வந்தவள், கூட்டாளிப் பெண்களோடு வள்ளத்தில் தீவுக்குப் போனாள். காற்று இல்லாத, அலை இல்லாத, சண்டை சச்சரவில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த வள்ளம் கவிழ்ந்தது. மற்றவர்கள் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தார்கள். ஜெனோவா வரவில்லை, அவள் உடம்பும் வரவில்லை. கஸ்பார் வள்ளம் கரையேற்றுகிற இடத்தில், இடிந்த சுவரில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒருநாள் எழுந்து வேலைக்குப் போனார். பூசைக்கும் போனார், ஆனால் அவள் ஆத்தும இளைப்பாற்றிக்கென்று பூசை வைக்க மட்டும் அவர் சம்மதிக்கவில்லை, அவர் மனைவி ரீத்தா கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டாள்.

தூத்துக்குடியில் யார் வீட்டில் ஸ்வெட்டர் இருக்கிறது? பயணத்துக்குப் பெட்டி கட்டும்போது ரீத்தா வீடு முழுக்கத் தேடி, குன்னூரில் படிக்கும்போது ஜெனோவா ரோட்டோரக் கடையில் வாங்கிய அரக்குச் சிவப்பு ஸ்வெட்டரை அலமாரியின் அடியிலிருந்து எடுத்து, கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்துவிட்டு, "இத போட்டுக்கிடுங்க, அங்க குளிருமாம்" என்று நீட்டினாள். அந்தப் பிள்ளைக்கு எல்லாமே தொளதொளவென்று இருக்க வேண்டும், அதனால் அவருக்கும் அது பொருந்தியது. மலை ஏறும்போது பேருந்தில் அதைத்தான் போட்டிருந்தார். இறங்கியதும் ஃபெர்மின் துணி கேட்க, தலை இரண்டாகப் பிளந்துகொண்டிருந்த மனுஷர் மேலாக இருந்ததைக் கழற்றிக் கொடுத்தார். தவறு அங்கேதான் நடந்தது.

அவர் தங்கிய விடுதி தோன்யா பாஸீலியா என்ற கைம்பெண்ணுடையது. தோன்யா என்றால் நம்மூர் அம்மா மாதிரி மரியாதை, அவள் இவரைத் தோன் கஸ்பார் என்று கூப்பிட்டாள். அடுக்கடுக்காகப் பாவாடை கட்டி, தலையில் சின்ன வட்டத் தொப்பி வைத்து, யாரையும் அதட்டித்தான் பேசுவாள். எதைக் குடித்தாலும் முதல் சொட்டைத் தரையில் ஊற்றிவிட்டுத்தான் குடிப்பாள், பூமியும் வாயுள்ள ஜீவன்தானே என்பாள். "படுங்க. யார் வீட்டுக்கும் போகாதீங்க, எதையும் வாங்காதீங்க, கல்யாணம் பேசாதீங்க. ஆத்துமா வராம செஞ்ச எந்தக் காரியமும் உருப்படாது" என்று கோக்கா இலைத் தேநீரை அவர் கையில் திணித்தாள்.

அவர் படுத்துக்கொண்டே ஜன்னலில் ஊரைப் பார்த்தார். காதில் சிவப்புக் குஞ்சம் கட்டிய, திமிலில்லாத ஒட்டகக் குட்டி மாதிரியான லாமாக்கள் ஆபீசுக்குப் போகிறவர்கள் போல அவசரமில்லாமல் போயின. முதுகில் கோடுபோட்ட துணியைக் கட்டி, ஒருத்தி குழந்தையையும் இன்னொருத்தி அடுப்பையும் சுமந்து போனார்கள். பாஸீலியாவின் அடுக்களையில் அவர் கொண்டுவந்த அரிசி பொழுது முழுக்கக் கொதித்தும் வேகவில்லை. இந்த உயரத்தில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி நடிக்கும், சுடாது என்றாள். இதற்கிடையில் ஊருக்கு இரண்டு பக்கமும் லாரிக்காரர்கள் கல்லும் டயரும் போட்டுச் சாலையை மறித்துவிட்டார்கள். உப்புவெளிக்கும் போக முடியாது, ஊருக்கும் திரும்ப முடியாது. நடந்து வருகிறவர்களுக்கு மட்டும்தான் வழி.

ஒருநாள் காலை ஃபெர்மின் ஸ்வெட்டரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். வழக்கமாகத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறவன். வாசலிலேயே நின்று, "தோன்யா, இது அவர் இல்ல" என்றான்.

"என்ன உளர்றே?"

"கம்பியில தொய்வு கம்மி. நான் அவர் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன், துணி வேற யாருதோ. அப்புறம் பாருங்க, நனைஞ்சிருக்கு. மழையே பெய்யல."

ஸ்வெட்டரின் கீழ்விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பாஸீலியா அதை வாங்கி நாற்காலியில் வைத்தாள். ஸ்வெட்டர் தானாக நிமிர்ந்து உட்கார்ந்தது. பிறகு அதன் கைகள் இரண்டும் மெல்ல நீண்டு, உள்ளங்கை இருக்க வேண்டிய இடத்தையும் மூடிக்கொண்டு, மேஜையில் இருந்த தேநீர்க் கோப்பையை இரண்டு பக்கமும் பொத்திப் பிடித்தன.

கஸ்பார் கட்டிலில் இருந்து இறங்கினார். சட்டைக் கையை விரல் நுனி வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு டம்ளரைப் பிடிப்பது இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளின் வழக்கம். சின்ன வயதில் இருந்தே அப்படித்தான், ரீத்தா எத்தனையோ தரம் அடித்துப் பார்த்தும் போகாத பழக்கம்.

"அடுத்தவங்க துணியைக் குடுத்தா அடுத்தவங்கதான் வருவாங்க" என்று பாஸீலியா அவரை ஏசத் தொடங்கினாள். "இதுகூடவா சொல்லித் தரணும்? இப்படித்தான் போன வருஷம் ஒரு ஆள், செத்துப்போன அண்ணனோட தொப்பியை..."

"அடுத்தவங்க இல்ல" என்றார் கஸ்பார். "என் பொண்ணு."

பாஸீலியா தன் கையில் இருந்த தேநீரின் முதல் சொட்டைத் தரையில் ஊற்றினாள். பிறகு உள்ளே போய் ஒரு கிண்ணம் சூப் எடுத்து வந்து ஸ்வெட்டருக்கு முன்னால் வைத்துவிட்டு, "நடந்து வந்த புள்ள, பசிக்கும்" என்றாள்.

செய்தி ஊருக்குள் போக எவ்வளவு நேரம் ஆகும்? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மத்தியானத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. யாரும் வியக்கவில்லை, யாரும் சிலுவை போட்டுக்கொள்ளவில்லை. எவ்வளவு தூரத்தில் இருந்து வந்திருக்கிறாள் என்று கேட்டு, கடலுக்கு அந்தப் பக்கம் என்றதும், ஐயோ பாவம் கால் என்னத்துக்கு ஆகும் என்று உச்சுக்கொட்டினார்கள். தொப்பிக் கடைக்காரி ஒரு தொப்பி கொண்டுவந்து, கல்யாணமாகாத பெண்ணுக்குச் சாய்த்துத்தான் வைக்க வேண்டும் என்று சொல்லி, ஸ்வெட்டரின் கழுத்துக்கு மேலே வெறும் காற்றில் சாய்த்து வைத்தாள். தொப்பி விழாமல் நின்றது. அதைப் பார்த்தபோது கஸ்பாருக்கு வீட்டு ஞாபகம் வந்தது. அந்தப் பிள்ளையின் கல்யாணத்துக்கென்று ரீத்தா சிறுகச் சிறுகச் சேர்த்த வெள்ளிப் பாத்திரங்கள் இன்னமும் கட்டிலுக்கு அடியில் துணி சுற்றிக் கிடக்கின்றன. மற்றப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக ஸ்வெட்டரின் பக்கத்தில் குனிந்து, தங்கள் வீட்டில் இறந்துபோனவர்களின் பெயரைச் சொல்லி, வழியில் பார்த்தால் நலமாக இருக்கிறோம் என்று சொல்லச் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் தொப்பி பொறுமையாக அசைந்தது. ஆத்துமாவுக்குக் காது உண்டு, குரல் கிடையாது. குரல் சதையைச் சேர்ந்தது என்பது அவர்கள் கணக்கு.

அந்தச் சில நாட்கள் கஸ்பார் சந்தோஷமாக இருந்தார். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், தலைவலியோடும் வாந்தியோடும் ஒரு மனுஷர் சந்தோஷமாக இருந்தார். பாஸீலியா கொடுத்த கோடுபோட்ட துணியில் ஸ்வெட்டரை வைத்து, அந்த ஊர்ப் பெண்களைப் போல முதுகில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். பனியில் போட்டு, காலால் மிதித்து, வெயிலில் காயவைத்துக் கூழாங்கல்லாக்கிய உருளைக்கிழங்கைக் காட்டி, "நம்மூரு கருவாடு மாதிரிதான் ஜெனோ, இதுக்கு நாத்தம் மட்டும் இல்ல" என்றார். புதிதாக வாங்கிய லாரிக்குப் பூமாலை போட்டு, பீர் ஊற்றி மந்திரிப்பதைக் காட்டி, "ஏ, நம்மாளுக எலுமிச்சம்பழத்தோட விட்டுருதானுவ, இவனுக குடிக்கவே குடுக்கானுவ" என்று சிரித்தார். ஊரின் விளிம்பில் நின்றால் வெகு தூரத்தில் உப்புவெளி வெள்ளைக் கோடாகத் தெரியும். முன்னொரு காலத்தில் அது கடலாக இருந்தது என்று சொன்னார்கள். அவர் அதைக் காட்டியபோது முதுகில் இருந்த பாரம் நடுங்கியது. "இல்லம்மா, இது செத்த கடல். ஒண்ணும் செய்யாது" என்று அவசரமாகத் திரும்பி நடந்தார்.

இரவு உறைந்து காலையில் ஸ்வெட்டரின் விளிம்பில் உப்புப் பூத்திருக்கும். தட்டிவிட்டால் மறுபடி நனைந்துவிடும். எத்தனை அடுப்பு மூட்டியும் அந்த ஈரம் காயவில்லை.

அவருக்கோ நகம் நீலமாகிவிட்டது, உதடு நீலமாகிவிட்டது. மாடிப்படியில் இரண்டு தரம் விழுந்தார். பாஸீலியா அவர் கண்ணைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அதட்டாமல் பேசினாள், அதுதான் பயமாக இருந்தது.

"தோன் கஸ்பார், கீழே காத்து கனம். ஆத்துமா இல்லாத வெறும் உடம்பையும் தாங்கிப் பிடிச்சிக்கும். இங்க பிடிக்காது. உங்களுது வரலேன்னா நீங்க தூக்கத்துல போயிடுவீங்க. எனக்கு இந்தக் கட்டில்ல இருந்து ஆளைத் தூக்கிப் பழக்கம் உண்டு, அதான் சொல்றேன்."

அவருடைய சொந்தச் சட்டையை ஃபெர்மின் வாங்கிப்போய்க் கம்பியில் மாட்டினான். காலையும் மாலையும் தொண்டை கிழியக் கூப்பிட்டான். சட்டை காற்றில் ஆடியதே தவிரக் கனக்கவில்லை. கடைசி வளைவில் பெட்ரோல் பங்க் வைத்திருக்கிற பெண்ணிடம் விசாரித்தான். அவளுடைய நாய்களுக்கு வருகிற ஆத்துமா எல்லாம் அத்துப்படி. நாய்கள் படுத்த இடத்தில் படுத்திருக்கின்றன என்றாள்.

"உங்க ஆத்துமா வழியிலயே இல்லீங்க" என்று ஃபெர்மின் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "கிளம்பவே இல்ல. எங்கேயோ உக்காந்திருக்கு. எங்க விட்டீங்கன்னு யோசிங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? கஸ்பாருக்கு இடிந்த சுவர் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவர் கட்டிலோரச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நாற்காலியில் ஸ்வெட்டர் அசையாமல் இருந்தது, தொப்பி மட்டும் அவர் பக்கம் திரும்பியிருந்தது.

மறுநாள் காலை ரீத்தாவின் போன் வந்தது. சாப்பிட்டியளா, மாத்திரை போட்டியளா என்று கேட்டாள். ரோடு இன்னும் திறக்கலியா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு அவர், "ரீத்தா, ஜெனோவா இங்க இருக்கா" என்றார்.

போனுக்குள் தூத்துக்குடி வீட்டுத் தெருவில் ஒரு சைக்கிள் மணி கேட்டது. அழுவாள், இல்லாவிட்டால் ஏசுவாள், இல்லாவிட்டால் அவருக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று அண்ணனைக் கூப்பிடுவாள் என்று அவர் காத்திருந்தார்.

"குளிருதா அவளுக்கு?" என்றாள் ரீத்தா.

"ஸ்வெட்டர் போட்டிருக்கா."

"நனைஞ்சிருப்பாளே."

"ஆமா."

"நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதிய. நான் சாயங்காலம் கோயிலுக்குப் போயிட்டு வாரப்ப, அந்தச் சுவர்ல நீங்க உக்காந்திருக்கத டெய்லி பாக்கேன். மூணு வருசமா பாக்கேன். வீட்டுல வந்து பாத்தா நீங்க பேப்பர் வாசிச்சிட்டு இருப்பிய, அதுல ஆளே இருக்காது. பிளேன் ஏறிப் போனிய, அப்பவும் நீங்க சுவர்லதான் இருக்கிய. நேத்து மழை, நனைஞ்சிட்டு இருந்திய. நான் கூப்பிட்டுப் பாத்தேன். சோறு ஆறுது, வாங்கன்னேன். நான் கூப்பிட்டா என்னைக்கு வந்திய? அவள அனுப்பினாத்தான வருவிய?"

அது உண்மை. கடற்கரையில் கூட்டாளிகளோடு பேச்சில் உட்கார்ந்துவிட்டால் கஸ்பாரை எழுப்ப ஊரில் ஒருவராலும் ஆகாது. ரீத்தா குழந்தையை அனுப்புவாள். கால் முளைத்த நாளிலிருந்து ஜெனோவாவுக்கு அதுதான் சாயங்கால வேலை. அவள் வந்து ஒரு வார்த்தை பேசாமல் அவருடைய சட்டைக் கையின் நுனியைப் பிடித்து இழுப்பாள். அவரும் எழுந்துவிடுவார்.

"அவள அனுப்புங்க" என்றாள் ரீத்தா. குரல் அப்போதுதான் உடைந்தது. "நீங்க ரெண்டு பேரும் அங்கயே இருந்துட்டா நான் யாருக்குச் சோறு பொங்குவேன்? ஒரு ஆளாவது எனக்கு வேணும்ல."

பேருந்து நிலையத்துக்கு அவரை ஃபெர்மினும் பாஸீலியாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கூட்டிப்போனார்கள். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ஸ்வெட்டரைக் கம்பியில் மாட்டி, இந்தத் தடவை கைகள் இறக்கத்தைப் பார்த்திருக்கும்படி ஃபெர்மின் திருப்பி வைத்தான். தொப்பியைப் பாஸீலியா எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு விஷயம்" என்றான் ஃபெர்மின். "ஆத்துமாவைப் போன்னா போகாது, அழுதுகிட்டு நிக்கும். போயிட்டு வான்னா திரும்பி வந்துடும். இந்த மலையை இறங்குறதும் ஏறுறதுமாவே கிடக்கும், ஓய்வே இருக்காது. ஒரு வேலை சொல்லணும். அந்த வேலையோட முடிச்சிடணும். வான்னு மட்டும் வாயில வரக்கூடாது."

நம் பக்கத்தில் எதிரியைக்கூடப் போயிட்டு வா என்றுதான் அனுப்புகிறோம். பிணத்தை எடுக்கிற வீட்டில் மட்டும்தான் சொல்லிக்கொள்ளாமல் போகிறோம். கஸ்பார் கம்பிக்கு முன்னால் நின்று, ஸ்வெட்டரின் கையை எடுத்து, மடிந்திருந்த நுனியை நீவிவிட்டார்.

"ஜெனோ, பப்பா கடக்கரையில உக்காந்திருக்கேன். நம்ம சுவர்ல. மம்மா சோறு வச்சிட்டா. நீ போயி பப்பாவக் கூட்டிட்டு வ..."

நாக்கு பழக்கத்தில் போய்விட்டது. ஸ்வெட்டர் துள்ளி நிமிர்ந்தது. பாஸீலியாவுக்குத் தமிழ் ஓர் எழுத்துத் தெரியாது, ஆனாலும் அந்தத் துள்ளலைப் பார்த்துவிட்டு அவர் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். மூச்சு இருந்தால்தானே வாங்க? எங்கிருந்தோ கொஞ்சம் சேர்த்துக்கொண்டார்.

"இல்லம்மா. கூட்டிட்டு வர வேண்டாம். அனுப்பி மட்டும் விடு. சோறு ஆறுதுன்னு சொல்லி அனுப்பி விடு. நீ..." அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், அவரைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது. "நீ வர வேண்டாம்மா. நீ நடந்தது போதும். பப்பா இனிமே ஒன்னத் தேடி அங்க உக்கார மாட்டேன். நீ படுத்துக்கோ."

ஸ்வெட்டர் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு ஒரு கை மட்டும் உயர்ந்து, அவர் சட்டைக் கையின் நுனி இருக்கும் இடத்தைத் தொட்டது. பிறகு கம்பி லேசானது. மலைக்காற்றில் ஸ்வெட்டர் மற்றத் துணிகளைப் போல ஆடத் தொடங்கியது. டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பழைய கோட்டு எழுந்து நின்றது. வரிசை ஒன்றும் கலையவில்லை.

கஸ்பார் மூன்று வருஷத்தில் முதல் தடவையாக வாய்விட்டு அழுதார். ஆத்துமா இல்லாமல் அழுவது வறண்ட குழாயைத் திறந்த மாதிரி, சத்தம் மட்டும்தான் வந்தது, கண்ணீர் வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் எழுந்திருக்கவில்லை. பாஸீலியா கரண்டியால் சூப் ஊட்டினாள். தொப்பிக்காரி வந்து பார்த்துவிட்டு, ஆளை எந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க வைப்பது அவர் ஊரில் வழக்கம் என்று வாசலில் வைத்து ரகசியமாக விசாரித்தாள். சாலையில் மறியல் முடிந்து லாரிகள் ஓடத் தொடங்கின. அந்த வழியில் ஓர் ஆத்துமா கடல் தாண்டி மலை ஏறி வர வேண்டும்.

ஒரு விடியலில் ஃபெர்மின் படியேறி ஓடிவந்தான். அவர் சட்டையைக் கொண்டு வந்திருந்தான், இந்தத் தடவை தோளில் போட்டுக்கொண்டு, பாரத்தில் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு வந்தான். சட்டையை உதறியபோது பையிலிருந்து கடற்கரை மணல் தரையில் கொட்டியது. பாஸீலியா அவரைத் தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு கையாக நுழைத்து, பொத்தான் போட்டுவிட்டாள்.

முதலில் வந்தது மூச்சு. பிறகு பசி. அதற்குப் பிறகு மூன்று வருஷத்துக் கண்ணீர் மொத்தமாக வந்தது. பாஸீலியா தன் பாவாடை நுனியால் அவர் முகத்தைத் துடைத்து, துடைத்து முடியாமல், அழுங்க என்று விட்டுவிட்டாள்.

அழுது ஓய்ந்து பார்த்தபோது சட்டையின் வலது கை நுனி மட்டும் நனைந்திருந்தது. மற்ற இடமெல்லாம் காய்ந்திருக்க, ஒரு கை பிடிக்கிற அளவுக்கு மட்டும் ஈரம்.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றான் ஃபெர்மின், தொப்பியைக் கழற்றிக்கொண்டு. "பெட்ரோல் பங்க்ல நாய்ங்க எழுந்து ஒரு தடவை வாலை ஆட்டிச்சாம். உடனே இன்னொரு தடவையும் ஆட்டிச்சாம். கடைசி வளைவு வரைக்கும் ரெண்டு பேர் வந்திருக்காங்க. அப்புறம் ஒருத்தர் மேலே வந்தாங்க. இன்னொருத்தர் இறங்கிப் போனப்ப நாய்ங்க கொஞ்ச தூரம் கூடப் போயிட்டுத் திரும்பி வந்திருக்கு."

அனுப்பி மட்டும் விடு என்று சொல்லியிருந்தார். தெரியாத ஊரில், தெரியாத மலையில், பப்பாவைத் தனியாக அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. ஊர் தெரிகிற வளைவு வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டு, சொன்ன சொல்லைக் காப்பாற்றத் திரும்பிப் போயிருக்கிறாள்.

அவர் உப்புவெளிக்கும் போனார், கம்பெனிக்கு வேண்டியதைப் பார்த்தார், ஊர் திரும்பினார். புறப்படும்போது பாஸீலியா அந்தத் தொப்பியைக் கொடுக்கவில்லை. அது தன் வீட்டு ஆணியில் இருக்கட்டும், அந்தப் பிள்ளைக்கு இங்கேயும் ஒரு வீடு இருக்கட்டும் என்றாள்.

தூத்துக்குடியில் ரீத்தா வாசலில் நின்று அவர் முகத்தைப் பார்த்தாள், உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்கிற பார்வை. பிறகு பெட்டியைத் திறந்தாள். மேலேயே ஸ்வெட்டர் இருந்தது, காய்ந்து, உப்புப் படிந்து, வெறும் ஸ்வெட்டராக.

"இத விட்டுட்டா போனா?" என்றாள்.

"ஆத்துமா துணியக் கொண்டுபோவாதாம்."

"குளிருமே" என்றாள் ரீத்தா.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் கடற்கரைக்குப் போனார்கள். இடிந்த சுவர் காலியாக இருந்தது. ரீத்தா முழங்கால் தண்ணீர் வரைக்கும் இறங்கி, ஸ்வெட்டரை விரித்து, கைகள் இரண்டும் கடலைப் பார்த்திருக்கும்படி தண்ணீரில் வைத்தாள். அலை அதை ஒரு தடவை திருப்பிக் கொண்டுவந்து அவள் காலடியில் போட்டது. அவள் மறுபடி எடுத்து, கசங்கிய கைநுனிகளை விரல் மறைகிற அளவுக்கு இழுத்துவிட்டு, மறுபடி வைத்தாள். இந்தத் தடவை கடல் வாங்கிக்கொண்டது.

கஸ்பார் சுவரைத் திரும்பிப் பார்த்தார், உட்காரவில்லை. "வா ரீத்தா" என்றார். "சோறு ஆறிரும்."